கம்பிக்கு வைத்த பொட்டு

ஒண்ணு. சத்தமாச் சொல்லோணும். வெளிய வேனுக்குள்ள உக்காந்திருக்கற மாமனுக்கு, என்னையக் கட்டுனவருக்கு, கேக்கோணும், கேக்கலீன்னா என்னாச்சு கலான்னு கொரல் வந்துரும், அந்தக் கொரல் வந்தா எனக்கு எண்ணிக்கை தப்பிரும். ஒண்ணு மாமா. ஏணியில நாலாவது படி. நேரா நிக்கப்படாது, ஓரமா நிக்கோணும், ஸ்பிரிங்குக்கு மூஞ்சியக் காட்டப்படாது. மோட்டார் பிளக்கப் புடுங்கியாச்சு. கார் ஷெட்டுக் கதவு தரையோட ஒக்காந்திருக்குது, மேல எகிறாம தண்டவாளத்துல ரெண்டு பக்கமும் கவ்வி போட்டாச்சு. இரும்புத் தடி ஸ்பிரிங்கு முனை ஓட்டையில அடிவரைக்கும் எறங்குச்சான்னு ரெண்டு தரம் குத்திப் பாத்தாச்சு. அப்பறமென்ன, ரெண்டு. வருது பாரு கையில, ஆத்தாடி, இந்தக் கனத்த எத்தன தரம் வாங்கியிருப்பேன், ஒவ்வொரு தரமும் மொதத் தரமாட்டத்தான் இருக்குது. இந்தக் கதவு நூத்திப் பத்துக் கிலோ. லலிதாம்பிகை டீச்சருக்கு வயசு அறுவத்தெட்டு, மூட்டு வலி, அவங்க ஒத்தக் கையில இந்தக் கதவத் தூக்கிட்டுக் காரை எடுக்கறாங்கன்னா, அந்த நூத்திப் பத்தையும் ஆரோ சொமந்துட்டு இருக்கறாங்கன்னுதான அர்த்தம். இவந்தான் அது, இந்த ஸ்பிரிங்கு. தலைக்கு மேல செவுத்தோரமா ரெண்டு மொழ நீளத்துக்குக் கருப்பா, மூச்சுக் காட்டாம கெடக்கறான். ரெண்டு பக்கமும் உருளையில சுத்தின கம்பி, அந்தக் கம்பியோட கால் கதவோட அடிமூலையில. அவ்வளவுதான் சங்கதி. மூணு. முறுக்கி வெச்சது முப்பது கால்சுத்து, ஏழரைச் சுத்து, அத்தனையும் ஒவ்வொண்ணா எறக்கோணும். ஏழரைன்னா சனியனாச்சேன்னு நான் ஆரம்பத்துல கேட்டதுக்கு மாமன் சிரிச்சாரு, சனியன்தான், கும்புட்டுட்டுத் தொட்டா ஒண்ணும் பண்ண மாட்டான்னாரு. நாலு மாமா. முறுக்கு மொத்தமும் எறங்கற வரைக்கும் கம்பியத் தொடப்படாது, அடிமூலைத் தகட்டுல ஸ்பேனர் வெக்கப்படாது. இது எங்க தொழில்ல வேதம்.

அஞ்சு. காத்தாலதான் கதவு ஒரு சாண் ஏறுனதும் நொட்டாங்கைப் பக்கத்துக் கம்பி அறுந்து, கதவு கோணிக்கிட்டு நின்னுபோச்சாம், நான் வந்துதான் தரைக்கு எறக்குனேன். டீச்சர் போன் பண்ணுனப்ப மாமன்தான் எடுத்தாரு. அறுந்ததா, எந்த எடத்துல அறுந்துதுன்னு கேட்டாரு. காலுக்கிட்டன்னு டீச்சர் சொல்லியிருப்பாங்களாட்ட இருக்குது, க்ரீஸ் டப்பாவத் தேடி எடுத்தாரு. அப்பறம் என்னையப் பாத்து, கலா, போலாம், ரெண்டு கம்பியும் மாத்தற மாதிரி கட் பண்ணி எடுத்துக்கறேன்னாரு. ஒண்ணு அறுந்தா ரெண்டையும் மாத்தோணும், அது நாயம், கூடப் பொறந்ததுக ரெண்டும் ஒண்ணாத்தான் தேஞ்சிருக்கும். கம்பி வெட்டறது, நுனியில வளையம் போட்டு அழுத்தறது, போன் நாயம் பேசறது, இதெல்லாம் அவரு. ஏணி ஏறறது, வண்டி ஓட்டறது நானு. ரெண்டு வருசமா இப்படித்தான். ஆறு. ரெண்டு வருசத்துக்கு மின்னாடி, அன்னூருக்கிட்ட ஒரு நூல் குடோன், இதாட்டமே கதவு, இதவிடப் பெருசு. கதவு ஏறயில எங்கியோ உரசுதுன்னு மாமன் அடிமூலைக்கிட்ட மண்டி போட்டுக் குனிஞ்சு பாத்தாரு, முறுக்குல கையே வெக்கலை, சும்மா பாத்தாரு. நான் அக்கட்டால ஏணிய மடக்கிட்டு இருந்தேன். சுளீர்னு ஒரு சத்தம், சாட்டை வீசுனாட்ட, கம்பி அறுந்து வீசுச்சு, அவ்வளவுதான். சோத்துக்கைப் பக்கத்துக் கண்ணு போச்சு. ஏழு. வேலைக்கு மாட்டற காப்புக் கண்ணாடி வேன்ல இருந்துச்சு. டேஷ்போர்டுல, ஒறை பிரிக்காம. அதச் சொல்லிச் சொல்லித்தான் நான் ரெண்டு வருசத்த ஓட்டியிருக்கறேன். சோத்தப் போடயில, துணி மடிக்கயில, ஒறம்பர சொந்தம் வந்திருக்கயில. அந்தக் கண்ணாடிய மூக்குல மாட்டறதுக்கு என்னங் கேடு உங்களுக்குன்னு. ஆமா கலா, என்ற தப்புத்தான்னு சொல்லிட்டுத் தட்டுல கை கழுவிட்டுப் போயிருவாரு. எனக்கு அதுக்கும் கோவம் வரும், மனுசன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனா நானும் ஓஞ்சிருப்பேன். எட்டு. அதுக்கப்பறம் எந்தக் கதவுக்குக் கீழயும் அவரு வந்ததில்லை. வேன் வாசல்ல நிக்கும், அவரு முன்சீட்டுல உக்காந்து ரோட்டப் பாத்துட்டு இருப்பாரு, என்ற கணக்கு மட்டும் அவரு காதுக்குப் போகோணும்.

எட்டா, ஒம்பதா? எட்டுச் சொன்னேன், அப்பறம் தடிய மாத்துனேன். மாத்துனனா? பயப்படாத புள்ள, ஸ்பிரிங்கு மேல சாக்பீஸ்ல கோடு போட்டிருக்குது, முறுக்கு எறங்க எறங்க கோடும் சுத்துக் கொறையும், அத எண்ணுனா தெரிஞ்சுரும். ரெண்டு சுத்து கொறைஞ்சிருக்குது. அப்பன்னா எட்டு. ஒம்பது மாமா. டீச்சர் காப்பித் தம்ளரோட உள்வாசப்படியில வந்து நிக்கறாங்க, கிட்ட வராதீங்கன்னு கையக் காட்டறேன், அங்கயே நின்னுட்டு நாயம் பேசறாங்க. பத்து. நல்ல மனுசி, பள்ளிக்கூடத்துல முப்பது வருசம் கத்துன தொண்டை, காப்பிய உள்ள வெச்சு மூடறேன் கலாமணி, நீ மெதுவா வான்னு சொல்லிட்டு, கூடவே இன்னொண்ணும் சொல்றாங்க. நீங்க ரெண்டு வருசமா ஆயுதபூசைக்கு வந்து பொட்டு வெக்கறதில்லையேன்னு நான் விட்டுடலை, கம்பியோட கால்ல நீ வெக்கற எடத்துலயே, சந்தனம் கொழைச்சு, குங்குமம் வெச்சு, வருசம் தவறாம நானே வெச்சுடறேன், அப்படியும் அறுந்துபோச்சு பாருங்கறாங்க. பதினொண்ணு. பொட்டு. அந்த நெனப்பே எனக்கு விட்டுப்போயிருந்துச்சு. பொட்டு என்ற ரோசனைதான். ஆயுதபூசைக்கு மின்னாடி எல்லாப் பார்ட்டி வீட்டுக்கும் போயி சர்வீஸ் பண்ணிட்டு, கடைசியா திருநீறு மூணு கோடு, சந்தனத்தப் பன்னீர் ஊத்திக் கொழைச்சு அப்பளாட்டம் தட்டையா அப்பி, நடுவுல குங்குமம். எங்கன்னா கம்பியோட கால்ல. கனத்தத் தாங்கறவனுக்குக் கால்லதான வெக்கோணும். வேற எந்தக் கம்பெனிக்காரனுக்குத் தோணும் இது? பொட்டு வெக்கற கலாமணின்னே எனக்குப் பேரு. பன்னெண்டு. மாமன் அப்ப பெருமையாப் பாப்பாரு. மூஞ்சியில நல்லாத் தெரியும்.

பதிமூணு. சட்டைப் பாக்கெட்டுல என்னமோ குத்துது. மாமனோட பழைய சட்டை, சேலைக்கு மேல போட்டுட்டு வேலை செய்வேன். குத்தறது அறுந்த துண்டு. காத்தால வந்ததும் தரையில கெடந்தத எடுத்து பாக்கெட்டுல போட்டேன், பாக்காமத்தான் போட்டேன். பாக்காமயா? ஓரத்துல என்னமோ மஞ்சளா இருந்துச்சு. கார் கழுவுன தண்ணி, மண்ணு, எதோ. பதினாலு மாமா. கைக்குக் கனம் கொறைஞ்சுட்டே வருது, முறுக்கு எறங்க எறங்க அவனும் சாதுவாயிர்றான், மொதக் கால்சுத்துல ரெண்டு ஆளு தொங்குனாட்ட இருந்தது இப்ப ஒரு கொடம் தண்ணிதான். பதினஞ்சு. பதினாறு. மஞ்சளா இருந்துச்சு. இருக்கட்டும். சந்தனத்துக்கும் இரும்புக்கும் என்ன பகை, ஊரெல்லாம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் வெக்கலையா, தறிக்கு வெக்கலையா. அதெல்லாம் தகடு, தொடைச்சா வந்துரும். கம்பி அப்படியில்லை. ஒத்தக் கம்பின்னு நாம சொல்றது நாப்பது அம்பது மெல்லிசுக் கம்பிய முறுக்குனது, அதுக்குள்ள ஒண்ணு போச்சுன்னா வெளிய வராது. பதினேழு. பதினெட்டு மாமா. போதும், வேலையப் பாரு. தண்ணியாக் கொழைச்ச சந்தனம் இண்டுக்குள்ள எறங்கும். எறங்குனா ஈரத்தப் புடிச்சு வெச்சுக்கும். வருசா வருசம் அதே எடம். அஞ்சு வருசம். பத்தொம்பது, இருவது, இருவத்தொண்ணு, எண்ணிக்கை வெசையாப் போகுது, நாந்தான் ஓட்டறேன், கீழ எறங்கி அந்தத் துண்டப் பாத்தே ஆகோணும்னு ஒரு புத்தி, பாக்காம இப்படியே முப்பதாயிரம் எண்ணிட்டு ஏணி மேலயே நின்னாத் தேவலைன்னு ஒரு புத்தி.

முப்பது. கைத்தடி சும்மா தொங்குது, ஸ்பிரிங்கு செத்த பாம்பாட்டம் தளர்ந்து கெடக்குது. எறங்கி ஒக்காந்து பாக்கெட்டுல இருந்து அந்தத் துண்ட எடுத்தேன். கட்டிங் பிளேயர்ல புரியப் பிரிச்சேன். வெளிய துரு. உள்ள துரு. அதுக்கும் உள்ள, காஞ்சுபோன கூழாட்டம், மஞ்சளு. நகத்துல சொரண்டுனா நடுவுல செகப்பு. மோந்து பாத்தேன், இத்தன வருசத்துக்கப்பறமும் லேசாப் பன்னீர் வாசம். என்ற மூக்குக்கு மட்டும் வந்துதோ என்னமோ. சரி, ஒண்ணு வேணா தெய்வச்செயலா இருக்கட்டும்னு அக்கட்டப் பக்கத்துக் கம்பியப் பாத்தேன், அறுந்துபோகாத கம்பி. கால்ல டீச்சர் போன வருசம் வெச்ச பொட்டு கருத்துப்போயி ஒட்டிட்டு இருக்குது. அதச் சொரண்டுனேன். கீழ கம்பி பொங்கி, ஊறுன கவுறாட்டம் தடிச்சு, பாதிப் புரி அறுந்து துருத்திக்கிட்டு நிக்குது. ரெண்டு அங்குலம் மேல பாத்தா புதுக் கம்பியாட்ட மின்னுது. பொட்டு வெச்ச எடத்துல மட்டும். வேலியில போன ஓணானா இது, நானே புடிச்சு, கொழைச்சு, வருசா வருசம் கும்புட்டு அவரு மடியில விட்டேனே. அந்த நூல் குடோன்ல நான் பொட்டு வெச்ச எடமும் அதேதான். எனக்கு அழுகை வரலை. வாய் ஒலர்ந்துபோச்சு, காப்பி இருக்குதுன்னு நெனப்பு வந்துச்சு, போயி எடுத்துக் குடிச்சேன், ஆறிக் கெடந்துச்சு, குடிச்சேன்.

வேனுக்குப் போனேன், புதுக் கம்பி வாங்கோணுமே. மாமன் ரெண்டு சுருளயும் மடியில வெச்சிருந்தாரு. வளையத்த அழுத்துன எடத்த ஒத்தக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போயிப் பாத்துட்டு, விரல்ல தடவிட்டுக் குடுத்தாரு. காலுக்கு க்ரீஸ் நல்லாத் தேச்சிருக்கறேன், தொடைச்சுராதன்னாரு. நான் வாயத் தொறந்தேன். அந்தக் கண்ணு இருந்த எடம், தோலு மூடித் தையல் கோடோட இருக்கறது, அது மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சுது. சரிங்க மாமான்னு வந்துட்டேன். திருட்டுக் கழுதையாட்ட வந்துட்டேன். பழைய கம்பி ரெண்டையும் கழட்டிப்போட்டு, புதுசக் காலுல மாட்டி, தண்டவாளத்துக்குப் பொறகால ஏத்தி, உருளையில வரி தப்பாமச் சுத்தி, ரெண்டு பக்கமும் ஒரே விறைப்பா இருக்குதான்னு வீணைக் கம்பியாட்டம் சுண்டிப் பாத்தேன். ஒரே சத்தம். கை அதுபாட்டுக்கு வேலை செய்யுது, இந்தக் கைக்கு வெக்கமே இல்லை. இப்பத் திரும்ப முறுக்கோணும். முப்பது. ஏணி. ஓரமா நில்லு. ஒண்ணு மாமா.

ரெண்டு. எறக்கறதுக்கு ஒரு பயம்னா ஏத்தறதுக்கு வேற பயம், இது ஒவ்வொரு கால்சுத்துக்கும் நானே குடுக்கற பலம், நான் குடுத்தத அவன் மறக்காம அப்படியே வெச்சுக்குவான், விட்டா அதே பலத்துல திருப்பித் தருவான். மூணு, நாலு. சொல்லீரலாம். இன்னைக்குப் பொழுதோட சோறு போடயில சொல்லீரலாம். என்னன்னு? கண்ணாடி கண்ணாடின்னு ரெண்டு வருசம் உங்க உசுர வாங்குனனே, அது பொட்டுங்க மாமா, நான் வெச்சதுங்கன்னா? அஞ்சு. சொல்லாட்டித்தான் என்ன, ஆருக்குத் தெரியும், துண்டும் பழைய கம்பியும் என்ற கையில, குப்பைக்காரனுக்குப் போட்டா முடிஞ்சுது. ஆறு. துண்டு. அன்னூர்த் துண்டு எங்க போச்சு? ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுத்திருந்தவரு, மயக்கம் தெளிஞ்சதும் கேட்ட மொதக் கேள்வி அதுதான், சட்டைப் பாக்கெட்டுல ஒரு துண்டுக் கம்பி இருந்துதே, எங்கன்னு. அந்த வலியிலயும் அதப் பொறுக்கிப் பாக்கெட்டுல போட்டிருக்கறாரு மனுசன். கம்பி வித்தவங்கிட்டச் சண்டை போடறதுக்காக்கும்னு நெனைச்சு எடுத்துக் குடுத்தேன். ஏழு, எட்டு. சன்னல் பக்கம் திரும்பி ஒத்தக் கண்ணுல வெகு நேரம் பாத்தாரு. அதுக்கப்பறம் அந்தத் துண்ட நான் பாக்கவே இல்லை. கம்பிக்காரங்கிட்ட அவரு ஒரு வார்த்தை கேக்கவும் இல்லை, அவங்கிட்டயேதான் இன்னைக்கு வரைக்கும் கம்பி வாங்கறாரு. ஒம்பது, பத்து மாமா. கனம் ஏறுது. அந்த வருசம் ஆயுதபூசை வந்துச்சு. நான் சந்தனம் கொழைக்க ஒக்காந்தேன், அவரு வந்து நின்னு, இனிப் பொட்டு வேண்டாம் கலா, பார்ட்டிக வேட்டியில சேலையில ஒட்டுதுன்னு சொல்றாங்க, க்ரீஸ் போதும்னாரு. பதினொண்ணு. ஒரு பார்ட்டியும் எங்கிட்டச் சொன்னதில்லையே, எனக்குக் கண்ணு மண்ணு தெரியாத கோவம், கண்ணுதான் போச்சு, சாமியுமா போகோணும்னு கேட்டேன். கேட்டேன். இந்த வாயிலதான் கேட்டேன். பன்னெண்டு. பதிமூணு. அவரு சந்தனக் கிண்ணத்த எடுத்துச் சாமி படத்துக்குக் கீழ வெச்சுட்டுப் போயிட்டாரு. பதினாலு. வேட்டியில ஒட்டுதுன்னு ஆருமே சொல்லலை. பதினஞ்சு. தட்டுல கை கழுவுனாரு, என்ற தப்புத்தான் கலான்னாரு. ஒறம்பர மின்னாடி வெச்சுக் கேட்டப்பவும் அதையேதான் சொன்னாரு. பதினாறு. அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தே தெரியும். பதினேழு. அன்னையில இருந்து ஒரு நாளு, ஒரு பொழுது, நான் அத்தன பேசியும், வாய் தவறிக்கூட, ஒரு

தடி கையில நிக்குது. முழுக் கனமும் கையில நிக்குது, மேலயும் போகலை, கீழயும் வரலை. அடுத்த தடிய எந்த ஓட்டையில வெக்கோணும்னு தெரியலை, எத்தனை சொன்னேன்னு தெரியலை, வேர்வை கண்ணுல எறங்குது, கண்ணாடிக்குள்ள, நான் கண்ணாடி போட்டிருக்கறேன், நான் மட்டும் ஒழுங்காப் போட்டிருக்கறேன். தலைக்கு மேல இவன் மூச்சுக் காட்டாம நிக்கறான், வாசல்ல அவரு. நூத்திப் பத்துக் கிலோவத்தான் நான் அதிசயம்னு வாயப் பொளந்துட்டு இருந்தேன். சாமி, ஒரு மனுசன் இத்தனையச் சொமப்பானா, அதும் ஒரு விரல்ல தூக்கற லேசா எனக்கு ஆக்கிக் குடுத்துட்டு. புடி நழுவப் பாக்குது, இது ஆகாது, புடி தப்புனா இவன் விட மாட்டான், அவரு கண்ணு போனது போதாதுன்னு நான் வேற. சாக்பீஸ் கோட்டப் பாக்கலாம்னா தலைய நிமுத்த முடியலை.

"பதினேழு" அப்படின்னு வெளிய இருந்து வந்துச்சு. சத்தம் போட்டு இல்லை, சாதாரணமா. "பதினேழு ஆச்சு கலா. தடி மேல் ஓட்டை. பதினெட்டுக்குப் போ."

போனேன். பதினெட்டுன்னு நான் சொல்றதுக்குள்ள அவரு சொல்லிட்டாரு. அப்பறம் நான் வாயே தொறக்கலை, அவரு சொல்லச் சொல்ல நான் தடிய மாத்துனேன், இருவது, இருவத்தஞ்சு, கொரல் பக்கத்துல வந்துட்டே இருக்குது, வேன் கதவு சாத்துன சத்தம் எப்பக் கேட்டுதுன்னு தெரியலை. முப்பது. போல்ட்ட ரெண்டையும் இறுக்கிட்டு, இன்னொரு தரம் இறுக்கிட்டு, தடிய உருவிட்டு எறங்குனேன். கவ்வி ரெண்டையும் கழட்டுனேன். கதவுக்கு அக்கட்ட வாசல்ல அவரு செருப்பு தெரியுது, அடி இண்டு வழியா. குனிஞ்சு கதவத் தூக்குனேன், பூவாட்ட வந்துச்சு, இடுப்பு ஒசரத்துல நிறுத்திப் புடிச்சேன். சோதிக்கறதுக்குக் கைய விடோணும், பாதியில விட்டா நிக்கோணும், நின்னாத்தான் முறுக்கு சரி. விடறதுக்குள்ள டீச்சர் உள்ள இருந்து வந்துட்டாங்க. கையில வெள்ளித் தட்டு, தட்டுல சந்தனம், குங்குமம். புதுக் கம்பிக்கு உன்ற கையாலயே வெச்சுடு கலாமணிங்கறாங்க, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. கதவுக்கு வெளிய இருந்து மாமன் மெதுவா, க்ரீஸ்ல பொட்டு ஒட்டாதுங்க டீச்சர், சேலையில வேற ஆயிரும்னு ஆரம்பிச்சாரு. அதே பொய்யி. ரெண்டு வருசத்துக்கு மின்னாடி எனக்காகக் கண்டுபுடிச்சது, இன்னைக்கும் நுனி நாக்குல தயாரா இருக்குது.

"ஒட்டுமுங்க டீச்சர்" அப்படின்னேன். "ஒட்டிக் கம்பிய அரிச்சுருமுங்க. அறுந்த கம்பியப் பிரிச்சுப் பாத்துட்டேன், உள்ளயெல்லாம் சந்தனமுங்க. நான் வெச்ச பொட்டுலதான் இவரு கண்ணு போச்சுங்க."

டீச்சர் தட்டப் புடிச்சுட்டு அப்படியே நின்னுட்டாங்க. அவங்களுக்கு என்ன தெரியும் பாவம். அந்தப் பொட்ட வாசக்கால் நெலவுல வெச்சுருங்க, மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நாந்தான் சொன்னேன், அவங்க அப்படியே போயி நெலவுல வெச்சாங்க. என்ற கை இன்னும் கதவுலயே இருக்குது, எடுக்கத் தெரியலை. அப்பறம் அந்த இடுப்பொசரக் கதவுக்குக் கீழ ஒரு தலை குனிஞ்சு உள்ள வந்துச்சு, நரை, வழுக்கை, ஒத்தக் கண்ணு. ரெண்டு வருசத்துல மொதத் தரம். எந்திரிச்சு நின்னு வேட்டியில ஒட்டுன தூசியத் தட்டிட்டு, புதுக் கம்பியோட காலைக் குனிஞ்சு பாத்தாரு, பாத்துட்டு என்னையப் பாத்தாரு.

"கண்ணாடி போடாததும் நெசந்தான கலா" அப்படின்னாரு. "கைய விடு, பாக்கலாம்."

விட்டேன். நின்னுச்சு.